லாக் தகட்டில் இருக்கும் பெயர் துப்பாக்கியைச் செய்தவரின் பெயர்தானா?

பென்சில்வேனியாவில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் வாங்கிய, வாய் வழியே மருந்து கெட்டித்துச் சுடும் ரைஃபிள் ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பட்டை கொண்ட, 36 அங்குல நீளக் குழல். குழலின் பாதி வரை மட்டுமே வரும் மேப்பிள் மரக்கட்டை. தோளில் பதியும் இடத்தில் பிறை போல் வளைந்த பித்தளைத் தகடு. முன்னும் பின்னுமாக இரண்டு விசைகள். வலப்பக்கத்தில், சுடும் பொறியான ‘லாக்’கைத் தாங்கும் தகட்டில் ‘கோல்ச்சர்’ என்ற பெயர். குழலின் மேற்பட்டையில் ‘ஜே’ என்ற எழுத்தும், அதை அடுத்துத் தேய்ந்துபோன இன்னோர் எழுத்தும். கோல்ச்சர்தான் இதைச் செய்தவர் என்று முடிவு கட்டிக்கொண்டு, எந்த ஆண்டில் செய்தார் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: லாக் தகட்டில் ஒரு பெயர் பொறித்திருந்தால், அது துப்பாக்கி முழுவதையும் செய்தவரின் பெயர் ஆகுமா? இந்த வகை அமெரிக்க ரைஃபிள்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஆகாது. பழைய ஆயுதங்களைச் சீர்செய்து பாதுகாக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் செய்துவிடுங்கள். துப்பாக்கி இப்போது மருந்து கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. வேட்டைக்குப் போய், சுடாமல் திரும்பியவர்கள் அப்படியே சுவரில் மாட்டி வைப்பது அந்தக் காலத்தில் சாதாரண வழக்கம். ஈரம் படாத கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலின் வாய் வழியே மெதுவாக இறக்கி, அது தட்டி நிற்கும்போது வாயின் விளிம்பில் கோலின் மீது பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்போடு சேரும்படி குழலின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். கோலின் மறுமுனை, கேப் (தட்டினால் தீப்பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) மாட்டும் நிப்பிள் என்ற சிறு குழாய்முனை இருக்கும் இடம் வரை வர வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது மருந்தும் குண்டுமாக இருக்கலாம், குளவிக் கூடாகவும் இருக்கலாம். சில குழல்களின் அடியில் மருந்து தங்கும் அறை குறுகலாக இருப்பதால், வெறும் குழலிலும் கோல் சற்று முன்னதாகவே நின்றுவிடுவது உண்டு. இருந்தாலும் ஐயம் தீரும் வரை கெட்டித்த துப்பாக்கியாகவே அதைக் கருதுங்கள். கேப்பைத் தட்டும் சுத்தியலான குதிரையைத் தூக்கி விடுவது, நிப்பிளைச் சூடுபடுத்திக் கழற்றுவது, கம்பியால் உள்ளே குத்திப் பார்ப்பது எதையும் செய்ய வேண்டாம். இந்த வகைத் துப்பாக்கிகளில் பழகிய கைவினைஞரிடம் கொண்டுபோனால், அவர் பாதுகாப்பாக உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுப்பார்.

இப்போது கோல்ச்சர் பெயருக்கு வருகிறேன். கோல்ச்சர் குடும்பத்தார் இங்கிலாந்திலிருந்து வந்து பிலடெல்ஃபியாவில் தொழில் செய்தவர்கள். அவர்கள் பெயர் பொறித்த லாக்குகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்புச் சாமான் வணிகர்கள் வழியாக நாடு முழுவதும் விற்கப்பட்டன. பெயரின் எழுத்துக்கூட்டல்கூட ஒரே மாதிரி இருக்காது. ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். கிராமத்தில் சிறு பட்டறை வைத்திருந்த ஒரு துப்பாக்கித் தச்சருக்கு லாக்கைத் தானே அடித்து, அதன் உள்வில்லைப் பதப்படுத்திச் செய்வது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கிப் பொருத்தினால் வேலை சீக்கிரம் முடியும், விலையும் கட்டுப்படும். குழலையும் அப்படித்தான் பலர் வாங்கினார்கள். 1816இல் தொழிலைத் தொடங்கிய எலிஃபலட் ரெமிங்டன், முழுத் துப்பாக்கிக்குப் பெயர் பெறுவதற்கு முன்பே குழல் செய்து மற்ற பட்டறைகளுக்கு விற்றவர். அவருடைய நிறுவனத்தின் பெயர் பொறித்த குழல்கள் வேறு பலரின் ரைஃபிள்களில் இருக்கின்றன. விசைத் தொகுதி, பித்தளை அடித்தகடு, விசைக்காப்பு ஆகியவையும் கடைச் சரக்காகக் கிடைத்தன. ஆகவே அந்தக் காலத்தில் ‘செய்தவர்’ என்றால், பெரும்பாலும் பல இடங்களில் வாங்கிய உறுப்புகளைச் சேர்த்து, மரக்கட்டையைச் செதுக்கி, ஒன்றோடொன்று இசைவாகப் பொருத்தி முடித்தவர் என்றே கொள்ள வேண்டும். கோல்ச்சர் லாக் உள்ள ரைஃபிள்களில் மிகப் பெரும்பான்மை கோல்ச்சர் கையால் முடிக்கப்பட்டவை அல்ல. உங்களுடையது அந்தச் சிறுபான்மையில் ஒன்று என்று நம்ப, நீங்கள் காட்டியிருக்கும் படங்களில் எந்த ஆதாரமும் இல்லை.

ரைஃபிளை முடித்தவர் தன் பெயரை இட்ட இடம் வழக்கமாகக் குழலின் மேற்பட்டை; குறி பார்க்கும் பின்தகட்டுக்கும் குழலின் அடிமுனைக்கும் நடுவில், சுடுபவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி. சிலர் முழுப் பெயரையும் சாய்வெழுத்தில் உளியால் செதுக்குவார்கள். சிலர் முத்திரை அச்சால் அடிப்பார்கள். பலர் முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள். எதுவுமே போடாதவர்கள் அதைவிட அதிகம். அந்த வகையில் உங்கள் துப்பாக்கியில் நாம் துருவிப் பார்க்க வேண்டியது லாக்கை அல்ல, தேய்ந்துபோன அந்த இரண்டாம் எழுத்தைத்தான்.

அதை வாசிக்க ஒரு வழி சொல்கிறேன். அறையை இருட்டாக்கி, சிறிய டார்ச் ஒன்றைக் குழலின் மேற்பரப்போடு ஏறக்குறைய ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் இடத்தில், சாய்ந்த ஒளி பள்ளங்களை நிழலாக எழுப்பிக் காட்டும். ஒளியை நாலு பக்கமிருந்தும் மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் ஓர் எழுத்தின் நிற்கும் கோடு பக்கவாட்டு ஒளியிலும் அதன் படுக்கைக் கோடு முன்பின் ஒளியிலும் துலங்கும். இதற்கும் பிடிபடவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்து, மென்மையான பென்சிலின் பக்கவாட்டால் லேசாகத் தேய்த்தெடுங்கள். கண்ணுக்குத் தப்பும் கால் வளைவுகூடத் தாளில் வந்துவிடும். அமிலம் தடவி எழுத்தை எழுப்புவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இரண்டும் இருக்கும் கொஞ்சத்தையும் அழித்துவிடும்.

அப்படிப் பார்க்கும்போது எழுத்தின் விளிம்பையும் கவனியுங்கள். துப்பாக்கியின் மற்ற இடங்களில் உள்ள அதே பழுப்புத் துருவும் அரிப்புக் குழிகளும் எழுத்தின் அடிப்பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருந்தால், எழுத்து துருவுக்கு முந்தியது. மாறாக, எழுத்தின் கோடு அரிப்புக் குழிகளை அறுத்துக்கொண்டு போனாலோ அதன் அடி மட்டும் வெளிறியிருந்தாலோ, பிற்காலத்தில் யாரோ அடித்தது. விலையை ஏற்றுவதற்காகப் புகழ்பெற்ற பெயர்களைப் பின்னால் பொறிக்கும் ஏமாற்று இந்தத் துறையில் புதிதல்ல. செயின்ட் லூயிஸில் தொழில் செய்த ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்களின் முத்திரைதான் இதில் அதிகம் சிக்கியது. ஜேக்கப் 1849இல் காலராவில் இறந்தார். அவர்கள் செய்த உண்மையான ரைஃபிள்கள் அரிதானவை, போலிகளோ ஏராளம். இரண்டு எழுத்து மட்டும் உள்ள உங்கள் குழலில் அத்தகைய ஏமாற்றுக்கு யாருக்கும் தூண்டுதல் இருந்திருக்காது என்பதால், அந்த எழுத்துகள் பழையவை என்றே இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவை செய்தவரின் எழுத்துகள்தானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உரிமையாளரும் தன் முதலெழுத்துகளைப் போட்டுக்கொள்வது உண்டு. அவை பெரும்பாலும் கட்டையின் கைப்பிடிப் பகுதியில் பதித்த வெள்ளித் தகட்டிலோ, கன்னம் படும் பக்கத்திலோ, சில சமயம் கத்தி முனையால் கீறியதாகவோ இருக்கும். மேற்பட்டையில், குழலின் நடுக்கோட்டில் நேராக, ஒரே உயரத்தில் அமைந்த எழுத்துகள் செய்தவருடையவை என்பதற்கே வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். இதை உறுதி என்று எழுதிக்கொடுக்கும் விற்பனையாளரை நம்பாதீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது வெளியே தெரியாத இடங்கள். பாதிக்கட்டை ரைஃபிள்களில் குழலைப் பிடித்திருப்பது கட்டையின் குறுக்கே செருகிய ஓர் ஆப்புதான். பல துப்பாக்கிகளில் அதை மட்டும் தட்டி எடுத்தால் குழல் முன்பக்கம் மேலெழுந்து, அடியிலுள்ள கொக்கியிலிருந்து விடுபட்டு வந்துவிடும். சிலவற்றில் குழலின் வால்பகுதியில் உள்ள திருகாணியையும் கழற்ற வேண்டியிருக்கும். குழலின் அடிப்பட்டையில், கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியில், குழல் செய்தவரின் பெயரோ ‘வார்ப்பு எஃகு’ என்ற பொருள்படும் சொற்களோ இருக்கலாம். அரத்தால் இட்ட சிறு கோடுகளும் ரோமன் எண்களும் இருக்கலாம். அதே கோடுகள் லாக்கின் உட்புறத்திலும் திருகாணித் தலையின் அடியிலும் இருந்தால், அந்த உறுப்புகள் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். பள்ளத்துக்குப் பொருந்தாத திருப்புளியால் தலை சிதைந்தால், பிறகு எந்தக் கைவினைஞராலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

அந்த மறைவிடத்தில் சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிப்பைத் தாங்குகிறதா என்று சோதித்த பின் இடும் அடையாளம், எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் தனியார் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் கட்டாயச் சட்டம் இருக்கவில்லை. எனவே வெறுமையாக இருந்தால் அது இயல்பே. மகுடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தால் குழல் 1813இல் சட்டப்படி நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையைக் கடந்தது. முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘ஈ’, ‘எல்’, ‘ஜி’ என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். லியேஜ் முத்திரையின் மேல் மகுடம் சேர்ந்தது 1893இல். ஆகவே மகுடம் இருந்தால் அதற்குப் பிந்தியது. இத்தகைய முத்திரை கிடைத்தாலும், குழல் வெளிநாட்டுச் சரக்கு என்று மட்டுமே அதற்குப் பொருள். கட்டையும் பொருத்தும் அமெரிக்கக் கையாக இருக்கத் தடையில்லை.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இதுபோன்ற துப்பாக்கிகளில் ஆண்டை எழுதிவைப்பது அபூர்வம். வடிவத்தைக் கொண்டுதான் ஒரு வரம்புக்குள் கொண்டுவர முடியும். சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாகச் செம்புக் கேப்பை அடித்துச் சுடும் முறை 1820களில்தான் பரவத் தொடங்கியது. பாதிக்கட்டையும் குழலின் அடியில் ஒட்டிய உலோக விலாவும் 1830களுக்குப் பிறகு பெருகின. ஆழமாக வளைந்த பிறை அடித்தகடும் அந்தக் காலப் போக்கே. முந்தைய தலைமுறை ரைஃபிள்களில் அது அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். இவை மூன்றும் சேர்ந்திருப்பதால், 1840க்கும் 1870க்கும் இடையில் செய்யப்பட்டது என்பது என் கணிப்பு. முன்னெல்லையைப் பற்றி எனக்கு நம்பிக்கை அதிகம், பின்னெல்லையைப் பற்றிக் குறைவு. பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்த பிறகும், மலிவு கருதி இந்தப் பழைய முறையில் செய்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். பென்சில்வேனியாவின் லேன்காஸ்டரில் 1834இல் தொழில் தொடங்கிய ஹென்றி லெமனின் பட்டறை 1887 வரை நடந்தது.

இந்தக் கணிப்பைப் புரட்டிப் போடக்கூடிய ஒன்றும் உண்டு. கல் துப்பாக்கியாகப் பிறந்து, பிறகு கேப் முறைக்கு மாற்றப்பட்டவை மிகப் பல. குழலின் பக்கத்தில் திருகிய சிறு உருளையின் மேல் நிப்பிள் இருந்தால் அது மாற்றப்பட்டது என்று பலர் உடனே சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல, தொடக்கத்திலேயே கேப் முறைக்காகச் செய்த ரைஃபிள்களிலும் அந்த உருளை இருக்கிறது. மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது லாக் தகடு. கல்லின் பொறி விழும் பழைய மருந்துக்கிண்ணம் உட்கார்ந்திருந்த வெட்டும், அதை ஒட்டிய வில்லின் திருகாணித் துளைகளை அடைத்த வட்டத் தடங்களும் சாய்ந்த ஒளியில் தெரியும். உங்கள் படத்தில் தகடு வழவழப்பாக இருக்கிறது, அடைத்த துளை ஏதும் தென்படவில்லை. ஆனால் பழைய லாக்கை முழுவதுமாகக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய கோல்ச்சர் லாக்கை வாங்கிப் பொருத்தியிருந்தால் தகட்டில் எந்தத் தடமும் இருக்காது. அப்போது பார்க்க வேண்டியது மரத்தை. லாக் உட்கார்ந்திருக்கும் குழிவின் ஓரங்களில் இடைவெளி இருக்கிறதா, வேறு நிறத் துண்டு வைத்து அடைத்திருக்கிறார்களா என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே மரமும் இரும்பும் முடி நுழையாமல் பொருந்தியிருந்தால், இந்த லாக் இந்தக் கட்டைக்கென்றே வாங்கியது என்று துணிந்து சொல்வேன்.

குழலின் உள்ளே புரிகள் (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள்) இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? எட்டுப் பட்டைக் குழல் என்றாலே ரைஃபிள் ஆகிவிடாது. புரி இல்லாமல் செய்தவையும், புரி தேய்ந்தபின் வழவழப்பாகக் கடைந்து சிறு ரவைக்குப் பயன்படுத்தியவையும் உண்டு. துளையின் அளவை ‘40 காலிபர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குழலின் வாய், கெட்டிக்கும் கோல் உரசி உரசி அகன்றிருக்கும். தேய்ந்த புரியை மறுபடி வெட்டிப் புதுப்பிக்கும்போது துளை இன்னும் பெரிதாகும். ஆகவே இன்றைய அளவைக் கொண்டு அன்றைய அளவைச் சொல்ல முடியாது, செய்தவரை அடையாளம் காணவும் அது பெரிதாக உதவாது.

பென்சில்வேனிய ரைஃபிள்களை மாவட்ட வாரியாகப் பள்ளிகள், அதாவது பாணிகள், என்று பிரிப்பதை எங்காவது படித்திருப்பீர்கள். லேன்காஸ்டர் என்றால் துணிப்பெட்டியின் (குண்டைச் சுற்றும் துணி வைக்கக் கட்டையில் குடைந்த சிறு பெட்டி) பித்தளை மூடிக்கு மேல் டெய்சிப் பூ வடிவம், லீஹை என்றால் கட்டையின் அடிக்கோடு வளைந்து இறங்கும் விதம், பெட்ஃபர்ட் என்றால் நீண்டு மெலிந்த லாக். இந்த அடையாளங்கள் உண்மையானவை. ஆனால் அவை கூர்மையாக இருப்பது முழுக்கட்டை கொண்ட பழைய நீள ரைஃபிள்களில்தான். உங்கள் காலத்துப் பாதிக்கட்டை ரைஃபிளுக்கு வரும்போது கடைச் சரக்கு எல்லா ஊர் வடிவங்களையும் ஒன்றுபோல் ஆக்கிவிட்டது. வாங்கிய இடம் பென்சில்வேனியா என்பதால் செய்த இடமும் அதுவே என்று கொள்ளவும் முடியாது. ஒஹாயோவிலும் நியூயார்க்கிலும் இதே தோற்றத்தில் செய்தார்கள். மரக்கட்டையின் வரிகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளிச்சத்தைத் திருப்பும்போது வரியும் இடம் மாறிப் பளிச்சிட்டால் அது மரத்தின் இயற்கை வரி. அசையாமல் கிடந்தால் சாயத்தால் வரைந்தது. லெமன் பட்டறை அப்படிச் செயற்கை வரி போட்டு விற்றது. அது இருந்தால் தேடலுக்கு ஒரு திசை கிடைக்கும்.

இரண்டாம் எழுத்து தெரிந்துவிட்டால் வேலை ஆவணங்களுக்கு மாறுகிறது. 1850ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரையும், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொழிலையும் பதிவு செய்திருக்கிறது. துப்பாக்கிச் செய்தொழில் என்று குறிக்கப்பட்டவர்களில் உங்கள் எழுத்துகளோடு ஒத்துப்போகிறவர்களைப் பட்டியலிடலாம். நகரங்களின் முகவரிப் புத்தகங்களும் மாவட்ட வரிப் பதிவுகளும் துணைக்கு வரும். இதிலும் எச்சரிக்கையாக இருங்கள். ‘ஜே’ என்பது அந்தக் காலத்தின் மிகப் பொதுவான முதலெழுத்து. ஜான், ஜேக்கப், ஜோசஃப், ஜேம்ஸ் எல்லாரும் அதில் அடக்கம். எழுத்து ஒத்துப்போவதால் மட்டும் ஒருவரைத் தேர்ந்துவிடக் கூடாது. அவர் பெயர் ஐயமின்றி உள்ள இன்னொரு ரைஃபிளைக் கண்டுபிடித்து, எழுத்து அச்சின் வடிவம், கட்டையின் வளைவு, விசைக்காப்பின் அமைப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒத்துப்போனால்தான் பெயர் சொல்லலாம். அதுவரை ‘கோல்ச்சர் லாக் கொண்ட, ஜே என்று தொடங்கும் எழுத்துகள் பொறித்த அமெரிக்கப் பாதிக்கட்டை ரைஃபிள்’ என்பதே இதன் நேர்மையான விவரம்.

மதிப்பைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். செய்தவர் தெரியாத பாதிக்கட்டை ரைஃபிள்கள் நிறைய எஞ்சியிருப்பதால் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். பெயர் உறுதியானால், அதிலும் பதிவு குறைவான ஓர் ஊர்க்காரர் என்றால், அந்தப் பகுதிச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை தருவார்கள். எப்படியிருந்தாலும் மதிப்பைக் குறைக்கும் வேலை ஒன்று உங்கள் கையில்தான் இருக்கிறது. பளபளப்பாக்க வேண்டாம். குழலின் பழுப்பு நிறம் அழுக்கல்ல. செய்தவரே ஏற்றிய நிறமும் காலமும் சேர்ந்தது அது. கம்பித் தூரிகை, பித்தளை மெருகு, புது வார்னிஷ் எதுவும் கூடாது. மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இரும்பை மட்டும் துடையுங்கள், மரத்தில் எண்ணெய் படாமல். மேற்பட்டையின் சாய்வொளிப் படம், லாக் குழிவின் ஓரம், குழலின் அடிப்பட்டை ஆகிய மூன்று படங்களையும் அளவுகோலோடு சேர்த்து எடுத்துப் போட்டால், மேலே ஊகமாக விட்டிருப்பவற்றில் சிலவற்றையாவது உறுதிப்படுத்தவோ தள்ளவோ முடியும்.